எந்த மாதம் என்றே தெரியாதபோது "தரவு போதும்" என்று எப்படிச் சொல்வது? (புறாக்கூண்டுக் கொள்கை)

வாசகர் கேள்வி | ஜனவரி 11, மாலை 6.20

பயிற்சிப் புத்தகத்தில் இருந்த தரவுப் போதுமைக் கணக்கு இது; அதாவது, கேள்விக்கு உறுதியான விடை சொல்லக் கொடுத்த கூற்றுகள் போதுமா என்று மட்டும் பார்க்கும் வகை. "ஒரு வகுப்பில் குறைந்தது மூன்று மாணவர்கள் ஒரே மாதத்தில் பிறந்திருக்கிறார்களா? கூற்று 1: வகுப்பில் 24 பேருக்கு மேல் இருக்கிறார்கள். கூற்று 2: வகுப்பில் 30 பேருக்கும் குறைவாக இருக்கிறார்கள்." கூற்று 1 மட்டுமே போதும் என்கிறது விடைக்குறிப்பு. எனக்கு ஒப்பவில்லை. எந்த மாதம் என்று தெரியாது, யார் அந்த மூவர் என்று தெரியாது, ஒருவருடைய பிறந்த நாள்கூடத் தரப்படவில்லை. பிறகு எப்படிப் போதும்? கூண்டுகளை விடப் புறாக்கள் அதிகம் என்றால் ஏதோ ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்கிறது புறாக்கூண்டுக் கொள்கை; எந்தக் கூண்டு என்று திட்டவட்டமாகச் சொல்வதில்லை. தரவுப் போதுமையோ திட்டவட்டமான விடையைக் கேட்கிறது. இரண்டுக்கும் ஒட்டாது என்பது என் கருத்து.

ஜனவரி 11, இரவு 9.05

கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். "பிறந்திருக்கிறார்களா" என்றுதான் இருக்கிறது. எந்த மாதம், யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று உறுதியானால் வேலை முடிந்தது.

ஒரு தாளில் 12 கட்டங்கள் போடுங்கள். எந்தக் கட்டத்திலும் மூன்றாவது ஆள் சேரக் கூடாது என்று பிடிவாதமாக மாணவர்களை உள்ளே வையுங்கள். கட்டத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 24. அத்தோடு இடம் தீர்ந்தது. 25-ஆவது மாணவர் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அங்கே அவர் மூன்றாவது ஆள். எந்தக் கட்டம் என்று தெரியாமலேயே "ஆம்" உறுதியாகிவிட்டது.

கூற்று 2-ஐ மட்டும் வைத்துக்கொண்டால் 29 பேரும் இருக்கலாம், 5 பேரும் இருக்கலாம். 29 என்றால் ஆம். 5 என்றால் ஐவரும் ஐந்து மாதங்களில் பிறந்திருக்கலாம். ஆகவே போதாது. விடைக்குறிப்பு சரி.

ஜனவரி 11, இரவு 9.30

விட்டுப்போனது ஒன்று. இந்தக் கணக்குகளுக்கு விடைகள் எப்போதும் அதே ஐந்துதான்: கூற்று 1 மட்டும் போதும், கூற்று 2 மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், ஒவ்வொன்றும் தனியாகவே போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதாது. புறாக்கூண்டுக் கணக்கு வந்தால் நான் கைக்கொள்ளும் வழி: எல்லை எண்ணைக் கண்டுபிடிப்பேன். கூற்று அந்த எண்ணை எட்டினால் போதும், எட்டாவிட்டால் போதாது.

(திருத்தம், ஜனவரி 15: கடைசி வாக்கியத்தின் பின்பாதி தவறு. கீழே பார்க்கவும்.)

ஜனவரி 12, காலை 7.15

இன்னொரு கணக்கு கேட்டிருந்தீர்கள். நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்.

1 முதல் 12 வரையுள்ள எண்களிலிருந்து சில வெவ்வேறு எண்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அவற்றில் ஏதேனும் இரண்டின் கூட்டுத்தொகை 13 ஆகுமா? கூற்று 1: ஏழு எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கூற்று 2: தேர்ந்தெடுத்தவை எல்லாமே இரட்டை எண்கள்.

இங்கே கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாம்தான் அமைக்க வேண்டும். (1,12), (2,11), (3,10), (4,9), (5,8), (6,7) என்று ஆறு இணைகள். ஏழு எண்கள் எடுத்தால் ஏதோ ஓர் இணை முழுதாக வந்தே தீரும். கூற்று 1 போதும். கூற்று 2-இன்படி இரண்டு இரட்டை எண்களைக் கூட்டினால் இரட்டை எண்தான் வரும், 13 வராது. விடை உறுதியான "இல்லை". அதுவும் போதும். ஆகவே ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.

ஜனவரி 12, மாலை 5.50

மேலே நான் எழுதிய கணக்கு செல்லாது. மதியம் அதை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. கூற்று 1 "ஆம்" என்கிறது, கூற்று 2 "இல்லை" என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க வழியே இல்லை: 1 முதல் 12 வரை இரட்டை எண்கள் ஆறுதான், ஏழு எங்கிருந்து வரும்? ஒழுங்காக எழுதப்பட்ட தரவுப் போதுமைக் கணக்கில் இரண்டு கூற்றுகளும் ஒரே நிலைமையைப் பற்றிய உண்மைகள். அவை ஒன்றையொன்று மறுக்க முடியாது.

இது கணக்கு எழுதுகிறவருக்கு மட்டுமான எச்சரிக்கை அன்று. கூற்று 1-இல் உறுதியான "ஆம்", கூற்று 2-இல் உறுதியான "இல்லை" என்று உங்களுக்கு வந்தால், எங்கோ தவறு நடந்திருக்கிறது, திரும்பிப் பாருங்கள். காசு செலவில்லாத சரிபார்ப்பு இது.

ஜனவரி 13, இரவு 10.40

அந்தக் கணக்கை விட மனம் வரவில்லை. கூற்று 2-ஐ மாற்றிவிட்டேன்: "தேர்ந்தெடுத்த எண்களின் கூட்டுத்தொகை 57-ஐ விட அதிகம்."

எத்தனை எண்கள் என்று இந்தக் கூற்று சொல்லவே இல்லை. ஆனாலும் அதே ஆறு இணைகளை வைத்துப் பாருங்கள். 13 வரக் கூடாது என்றால் இணைக்கு ஓர் எண்தான் எடுக்கலாம். ஒவ்வோர் இணையிலும் பெரியதை எடுத்தாலும் 12 + 11 + 10 + 9 + 8 + 7 = 57. அதற்கு மேல் போக வேண்டுமானால் ஏதோ ஓர் இணையை முழுதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். கூற்று 2 போதும்.

57 என்றே கொடுத்திருந்தால் போதாது. 7, 8, 9, 10, 11, 12 என்ற ஆறு எண்களின் கூட்டுத்தொகை 57. அவற்றில் மிகச் சிறிய இரண்டைக் கூட்டினாலே 15, ஆகவே 13 வராது. 12, 11, 10, 9, 8, 6, 1 என்ற ஏழு எண்களின் கூட்டுத்தொகையும் 57. அதில் 12-ம் 1-ம் இருக்கின்றன. ஒரே தரவுக்கு "ஆம்", "இல்லை" இரண்டும் வருகின்றன. 58 ஆனவுடன் கதவு சாத்திக்கொள்கிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புறாக்களை எண்ணுவதோடு நிற்காமல் எடை போட்டும் பார்க்கலாம் என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது.

ஜனவரி 15, காலை 6.30

ஒரு வாசகர் என் 11-ஆம் தேதி விதியைக் கேள்வி கேட்டிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. அவருடைய கணக்கு:

சில முழு எண்கள் இருக்கின்றன. அவற்றில் எவையேனும் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடுமா? கூற்று 1: மொத்தம் 5 எண்கள்.

என் வழியில் போனால் இப்படித்தான் யோசிப்பேன்: 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2. மூன்று கட்டங்கள். ஒரே கட்டத்தில் மூன்று எண்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடும். அதற்கு 2 × 3 + 1 = 7 எண்கள் வேண்டும். 5 எட்டவில்லை, ஆகவே போதாது. சுத்தமான தவறு.

நேற்று இரவு எதிர்க்காட்டு ஒன்றைக் கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். மீதிகள் 1, 1, 2, 2 என்று நான்கு எண்களை வைத்தேன். 1, 4, 2, 5 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மும்மூன்றாகக் கூட்டினால் 7, 10, 8, 11. எதுவும் வகுபடவில்லை. ஐந்தாவது எண்ணை உள்ளே விட வேண்டும். மீதி 1 என்றால் மூன்று ஒன்றுகள். மீதி 2 என்றால் மூன்று இரண்டுகள். மீதி 0 என்றால் 0, 1, 2 என்று கட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக் கூட்ட, அதுவும் 3. வேறு நான்கை வைத்துத் தொடங்கினாலும் இதே கதிதான். மூன்று கட்டங்களிலும் ஆள் இருந்தால் ஒன்றொன்றாக எடுத்துக் கூட்டலாம். ஏதாவது ஒரு கட்டம் காலி என்றால் ஐந்து எண்களும் இரண்டு கட்டங்களுக்குள் அடைபட்டு, ஒன்றில் மூன்று சேர்ந்துவிடும். கூற்று 1 போதும்!

ஏழு எண்கள் இருந்தால் நடக்கும் என்பது உண்மை. ஏழு இல்லாவிட்டால் நடக்காது என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. நான் அமைத்த கட்டங்கள் எனக்கு ஒரு பக்கத்தை மட்டும் நிரூபித்துத் தந்தன. "போதாது" என்று சொல்ல வேண்டுமானால் ஆம் என்று வரும் ஓர் அமைப்பையும் இல்லை என்று வரும் ஓர் அமைப்பையும் கையால் கட்டிக் காட்ட வேண்டும். கொள்கை அந்த வேலையைச் செய்து தராது.

இதன் பொது வடிவத்தை 1961-இல் ஏர்டிஷ், கின்ஸ்பர்க், சிவ் என்ற மூவர் நிரூபித்தார்கள்: 2ந − 1 முழு எண்கள் இருந்தால், அவற்றில் ந எண்களின் கூட்டுத்தொகை ந-ஆல் வகுபடும்படி எடுக்க முடியும். ந = 3 என்று போட்டுப் பாருங்கள், அதே 5 வரும்.

ஜனவரி 15, காலை 6.45

11-ஆம் தேதிக் குறிப்பில் திருத்தம் சேர்த்துவிட்டேன். அழிக்கவில்லை, அதே தவறைச் செய்கிறவர் இன்னும் பலர் இருப்பார்கள்.

ஜனவரி 16, இரவு 9.20

தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் தவறிய கணக்குகளுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். அதில் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நேற்று எழுதியதும் அதைத் தேடி எடுத்தேன்.

ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சம எண்ணிக்கையில் ஆட்களைத் தெரிந்து வைத்திருக்கும் இருவர் உண்டா? கூற்று 1: ஒருவருக்கு மற்றவரைத் தெரிந்தால், மற்றவருக்கும் அவரைத் தெரியும். கூற்று 2: கூட்டத்தில் 20 பேர் இருக்கிறார்கள்.

அன்று நான் ஓட்டிய ஓட்டம் நினைவிருக்கிறது. கூற்று 1-இல் எண்ணே இல்லை, ஆகவே அது உதவாது என்று கண்ணை எடுத்துவிட்டேன். கூற்று 2-இல் 20 பேர். ஒருவருக்குத் தெரிந்தவர்கள் 0 முதல் 19 வரை இருக்கலாம். அதுவும் 20 கட்டங்கள். 20 பேர், 20 கட்டங்கள், ஒன்று குறைகிறது. "இரண்டும் சேர்ந்தாலும் போதாது" என்று குறித்துவிட்டு அடுத்த பக்கம் போனேன்.

கூற்று 1 தனியாகவே போதும். ந பேர் இருந்தால் கட்டங்கள் 0 முதல் ந − 1 வரை. ஆனால் யாரையுமே தெரியாத ஒருவரும் எல்லாரையும் தெரிந்த ஒருவரும் ஒரே கூட்டத்தில் இருக்க முடியாது. எல்லாரையும் தெரிந்தவருக்கு அந்த ஒதுங்கியவரையும் தெரியும். அப்படியானால் ஒதுங்கியவருக்கும் இவரைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே 0 என்ற கட்டம், ந − 1 என்ற கட்டம், இரண்டில் ஒன்று எப்போதும் காலி. ந பேருக்கு ந − 1 கட்டங்கள். இருவர் ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும்.

கூற்று 2 மட்டும் போதாது. அறிமுகம் ஒருதலையாக இருக்கலாம் என்றால் முதலாமவருக்கு யாரையும் தெரியாது, இரண்டாமவருக்கு ஒருவரைத் தெரியும், மூன்றாமவருக்கு இருவரை என்று 19 வரை ஏற்றிக்கொண்டே போகலாம்.

எண் உள்ள கூற்று உதவவில்லை, எண்ணே இல்லாத கூற்று எல்லாவற்றையும் தந்துவிட்டது. அன்று கூற்று 1-ஐ ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். இன்றும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனம் சுருக்கென்கிறது.

ஜனவரி 17, மதியம் 1.10

கணக்கைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பெயரைப் பற்றி. "கூண்டு" என்றால் அடைத்து வைப்பது என்ற எண்ணம் வருகிறது, "பொந்து" நன்றாக இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் "மாடம்". மாடப்புறா என்று நாம் சொல்வதிலேயே அந்தச் சொல் இருக்கிறது. புறா தானாக வந்து உட்காரும் இடம் அது. இந்தக் கொள்கையிலும் புறாவை யாரும் அடைப்பதில்லை. ஆனால் பாடப் புத்தகத்தில் தேடுகிறவர் கூண்டு என்றுதான் தேடுவார் என்பதால் தலைப்பை மாற்றவில்லை.

ஜெர்மானிய மொழியில் இதற்கு வழக்கமான பெயர் இழுப்பறைக் கொள்கை. 1834-இல் இதைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் டிரிக்லே என்ற ஜெர்மானியக் கணித அறிஞரோடு சேர்த்து அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஏதோ ஓர் இழுப்பறையில் ஒன்றுக்கு மேல் பொருள் இருக்கிறது என்று திறந்து பார்க்காமலேயே சொல்கிறோம் என்பதால் அந்த உவமை எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

ஜனவரி 17, இரவு 8.35

டிரிக்லேதான் முதல்வரா என்ற கேள்விக்கு: இல்லை. அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே, 1622-இல், ழான் லெரெஷோன் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி இதைத் தொட்டிருக்கிறார். இரண்டு மனிதர்களின் தலையில் முடி ஒரே எண்ணிக்கையில் இருந்தே தீரும் என்பது அவருடைய வாதம். அதையே தரவுப் போதுமைக் கணக்காக்கிப் பார்க்கலாம்.

ஓர் ஊரில் தலைமுடி எண்ணிக்கை சமமாக உள்ள இருவர் உண்டா? கூற்று 1: ஊரில் சரியாக 2,00,001 பேர் இருக்கிறார்கள். கூற்று 2: ஊரில் யாருக்கும் 2,00,000 முடிகளுக்கு மேல் இல்லை.

விடையைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரு நாள் யோசியுங்கள்.

ஜனவரி 18, இரவு 9.00

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் "இரண்டும் சேர்ந்தால் போதும்" என்றிருக்கிறீர்கள். 2,00,001 பேர், 2,00,000 கட்டங்கள் என்ற கணக்கு. ஆனால் வழுக்கைத் தலைக்கும் ஒரு கட்டம் உண்டே! 0 முதல் 2,00,000 வரை கட்டங்கள் 2,00,001. ஆளுக்கு ஒரு கட்டம் மிச்சமில்லாமல் பொருந்துகிறது. எல்லாருக்கும் வெவ்வேறு எண்ணிக்கை என்பது நடக்கக் கூடியதே. இருவருக்குச் சமம் என்பதும் நடக்கக் கூடியதே. இரண்டும் சேர்ந்தாலும் போதாது. ஊரில் ஒரே ஒருவர் கூடுதலாக இருந்தாலோ, முழு வழுக்கை யாருமில்லை என்று சொல்லியிருந்தாலோ போதும்.

சரியாகச் சொன்னவர் ஒருவர் மட்டும். இந்த இழையைத் தொடங்கியவர்.

ஜனவரி 20, காலை 7.40

இரண்டாவது கூற்று கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வகை ஒன்று உண்டு. சில முழு எண்களில் ஏதேனும் இரண்டின் வித்தியாசம் 7-ஆல் வகுபடுமா? கூற்று 1: 5 எண்கள். கூற்று 2: அனைத்தும் வர்க்க எண்கள்.

கூற்று 1: மீதிகளுக்கு 7 கட்டங்கள், 5 எண்கள். 1, 2, 3, 4, 5 என்றால் இல்லை. 1, 8 இரண்டும் இருந்தால் ஆம். போதாது. கூற்று 2: எத்தனை எண்கள் என்று தெரியாது. 1, 4, 9, 49 நான்கும் வர்க்கங்கள்; மீதிகள் 1, 4, 2, 0. வித்தியாசம் எதுவும் 7-ஆல் வகுபடாது. 1, 36 என்று எடுத்தால் வித்தியாசம் 35, வகுபடும். போதாது. ஆனால் வர்க்க எண்ணை 7-ஆல் வகுத்தால் 0, 1, 2, 4 தவிர வேறு மீதி வராது. ஏழு கட்டங்களில் மூன்று பூட்டப்பட்டுவிட்டன. 5 எண்கள், 4 கட்டங்கள். சேர்ந்தால் போதும்.

ஜனவரி 21, இரவு 10.15

"ஆம், இல்லை" கணக்குகளே பேசுகிறீர்கள், ஒரு மதிப்பைக் கேட்கும் கணக்கு உண்டா என்றால், உண்டு. ஒரு பையில் பல நிறப் பந்துகள். பார்க்காமல் எடுக்கும்போது ஒரே நிறத்தில் மூன்று கிடைத்தே தீர வேண்டுமானால் குறைந்தது எத்தனை பந்துகள் எடுக்க வேண்டும்? கூற்று 1: 4 நிறங்கள். கூற்று 2: ஒவ்வொரு நிறத்திலும் குறைந்தது 2 பந்துகள்.

கூற்று 2-இல் 3 பந்துகள் என்று இருந்தால்தான் சேர்ந்தாவது போதும் என்று நினைக்கிறேன், 2 போதாது.

ஜனவரி 21, இரவு 11.05

படுக்கப் போனவன் எழுந்து வந்தேன். 2 போதும்.

மிக மோசமான நிலையில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பந்துகள் கையில் வரும், 8. ஒன்பதாவது பந்து எந்த நிறமானாலும் மூன்றாவதாகிவிடும். ஏதோ ஒரு நிறத்தில் மூன்று இருக்கிறது என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்கிறது. இல்லையென்றால் அப்படி ஒரு எண்ணையே கேட்க முடியாது. மற்ற நிறங்களில் இரண்டு இருந்தால் போதும், மூன்றாவது பந்து அவற்றில் இருக்கிறதா என்பது விடையை மாற்றாது. விடை 9, இரண்டும் சேர்ந்து போதும்.

கூற்று 1 மட்டும் என்றால் தடுமாற்றம்தான். மூன்று நிறங்களில் ஒவ்வொன்று, நான்காவதில் மூன்று என்று இருந்தால் 1 + 1 + 1 + 2 = 5 வரை தப்பிக்கலாம்; 6 எடுத்தால் போதும். 4 × 2 + 1 என்று உடனே 9 போடுகிறவர்கள் விழும் பள்ளம் அது.

ஜனவரி 23, காலை 8.00

இவ்வளவு யோசிக்கத் தேர்வில் நேரம் ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் மாறியதிலிருந்து தரவுப் போதுமைக் கேள்விகள் கணிதப் பகுதியில் இல்லை. தரவு நுண்ணறிவுப் பகுதிக்குப் போய்விட்டன. அங்கே 20 கேள்விகளுக்கு 45 நிமிடம். கேள்விக்கு 2 நிமிடம் 15 நொடி. திரையில் கால்குலேட்டர் உண்டு. இந்த வகைக் கணக்குக்கு அதைத் தொட வேண்டியதில்லை. எனக்கு நேரம் போனது கட்டங்களை அமைப்பதில் இல்லை, அமைத்த பிறகு "போதாது" என்று அவசரப்படாமல் ஓர் எதிர்க்காட்டைத் தேடுவதில். அந்த நேரத்தை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். எதிர்க்காட்டு அரை நிமிடத்தில் அகப்படவில்லை என்றால், அது இல்லாமலே இருக்கலாம் என்று சந்தேகப்படத் தொடங்குவேன்.

ஜனவரி 25, இரவு 9.50

இழையைத் தொடங்கிய நண்பர் தானே ஒரு கணக்கு எழுதிப் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார். 1 முதல் 20 வரையுள்ள எண்களிலிருந்து சில வெவ்வேறு எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றில் அடுத்தடுத்த இரண்டு எண்கள் உண்டா? கூற்று 1: 11 எண்கள். கூற்று 2: கூட்டுத்தொகை 110-க்குக் குறையவில்லை. விடை: ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.

கட்டங்கள் அருமை: (1,2), (3,4) என்று (19,20) வரை பத்து இணைகள். கூற்று 1 போதும். கூற்று 2-இல் மட்டும் ஒரு சொல் உதைக்கிறது. இணைக்கு ஒன்றாகப் பெரியதை எடுத்தால் 2 + 4 + … + 20 = 110. அடுத்தடுத்த எண்கள் இல்லாமலேயே 110 வந்துவிட்டது. 20, 19, 18, 17, 16, 15, 5 என்று எடுத்தாலும் 110. அதில் 20-ம் 19-ம் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே கூற்று 2 போதாது. "110-ஐ விட அதிகம்" என்று மாற்றினால் நீங்கள் எழுதிய விடை சரி.

மாற்றாமல் விட்டு, விடையை மட்டும் "கூற்று 1 மட்டும் போதும்" என்று திருத்துவது இன்னும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டேன்.